அப்பாவோடு ஆறு நாள், அனுப்பானடி

முதல் நாள், புதன், இரவு 9.40

காலையில் கோவையில் ஏறிய பஸ் மதுரை ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டபோது மணி இரண்டாகியிருந்தது. வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தும் அப்பா வந்து நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டார். "சாப்பிட்டியா?" "இல்லப்பா." "சரி, வா." போனிலும் எங்கள் பேச்சு இவ்வளவுதான் இருக்கும். சாப்பிட்டியா, பையன் எப்படி இருக்கான், சரி வச்சிடவா. ஒன்றரை நிமிஷம். அதற்குமேல் பேச அப்பாவிடமும் எதுவும் இருக்காது, என்னிடமும் இருக்காது, போன் அம்மா கைக்குப் போய்விடும், அப்புறம் முக்கால் மணி நேரம்.

இப்போது அம்மா ஓசூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதமும் அப்பா இங்கே தனியாகத்தான் இருக்கிறார். வயது 66. "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆறு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். மகனுக்குப் பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு அதிக நாள் இல்லை, கணவர் நான் பார்த்துக்கொள்கிறேன் போய் வா என்றார். கிளம்பும்வரை மனசு அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குமே கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, ராத்திரி ஒரு மணிவரை போனைத் தள்ளிக்கொண்டு கிடக்கிறேன், காலையில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. இந்த ஆறு நாளும் அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டும்போது ஒன்று தோன்றியது. எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. நானும் அப்பாவும் மட்டும் ஒரே வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதே இல்லை. எப்போதும் நடுவில் அம்மா இருந்திருக்கிறார். அப்பா சொல்ல நினைப்பதை அம்மா வந்து சொல்வார், என் பதிலையும் அம்மாவே கொண்டுபோவார். இப்போது என்ன பேசப்போகிறோம் என்று உண்மையிலேயே பயமாக இருந்தது.

வீடு கலைந்து கிடக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அப்படி எதுவும் இல்லை. கழுவிய பாத்திரம் கவிழ்த்து வைத்திருக்கிறது, துணி மடித்திருக்கிறது, அடுப்பில் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன டப்பாக்களைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் தொண்டை அடைத்தது. ஒவ்வொன்றிலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியை நீளமாகக் கிழித்து ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறார். சீரகம். சோம்பு. சோம்பு டப்பாவில் மட்டும் கீழே இன்னொரு வரி: 'குழம்புக்கு இது வேண்டாம்.'

சாயங்காலம் தெப்பக்குளம்வரை நடந்தோம். தைப்பூசத்துக்கு அதிக நாள் இல்லை, கரையில் வேலை நடக்கிறது. திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம் இது, மகால் கட்ட மண் எடுத்த இடம் என்பார்கள். இப்போது தண்ணீர் ததும்புகிறது, மைய மண்டபம் அதில் தலைகீழாகத் தெரிகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும், உள்ளே பையன்கள் நாலைந்து கோஷ்டியாக கிரிக்கெட் ஆடுவார்கள். நான் சைக்கிள் பழகியது இந்தக் குளத்துக்குள்தான். அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி வருவார். வைகையிலிருந்து பனையூர் கால்வாயைச் சரிசெய்து தண்ணீர் கொண்டுவந்ததை அப்பா நின்று விளக்கினார். பொதுப்பணித்துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்தவர், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று சொல்லாமல் ஒரு குளத்தைக் கடந்து போக மாட்டார்.

திரும்பி வரும்போது, "நாளைக்கு அஞ்சரைக்குக் கெளம்புவேன். வர்றியா?" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. வர்றேன் என்றேன்.


இரண்டாம் நாள், வியாழன்

சாமநத்தம் கண்மாய். அனுப்பானடியிலிருந்து சிந்தாமணி பக்கமாக டிவிஎஸ் வண்டியில் போனால் கொஞ்ச தூரம்தான். இருட்டு பிரியாத நேரம், பனி, நான் அம்மாவின் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று.

அப்பா பறவை எண்ணுகிறார். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கரைமேல் ஏறியதும் மஞ்சப்பையிலிருந்து ஒரு பைனாகுலரும் நாற்பது பக்க நோட்டும் வெளியே வந்தன. பைனாகுலர் பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன் கொடுத்ததாம், அவன்தான் பறவைப் பெயர்களையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதன் வார் அறுந்துபோனதால் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, மடித்துத் தைத்துப் போட்டிருக்கிறார். ஊதா நிறம், வெள்ளைப் புள்ளி. நான் ஐந்தாறு வயதில் பிடித்துக்கொண்டு நடந்த முந்தானை அது.

நோட்டைப் புரட்டினேன். தேதி, நேரம், வானம் எப்படி, தண்ணீர் எவ்வளவு, அப்புறம் பெயர்கள். கூழைக்கடா 14. அரிவாள் மூக்கன் 22. நாமக்கோழி, ஐந்தைந்து கோடாகக் கட்டிப் போட்டு, கடைசியில் கூட்டி 160. ஆபீஸில் மூட்டைக் கணக்கு எழுதிய அதே கை. முதல் பக்கத்துத் தேதியைப் பார்த்தேன். அம்மா ஓசூருக்குப் போன நாலாம் நாள்.

"பைய வா. அங்கிட்டுப் பாரு, அந்தக் கருவேலத்துக்குக் கீழ." பார்த்தேன். எனக்கு முதலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அப்பா என் தோளைப் பிடித்து லேசாகத் திருப்பினார். மிதக்கிற இலைகள்மேல் ஒரு பறவை நடந்து போனது. நீந்தவில்லை, நடந்தது. காலைத் தூக்கும்போது விரல்கள் குச்சி குச்சியாக நீண்டு தொங்குகின்றன, அந்தக் கால்வாகுக்கு அவ்வளவு நீளம் பொருந்தவே பொருந்தாது, கீழே வைக்கும்போது ஒரு இலையிலிருந்து பக்கத்து இலைவரை விரிந்து பரவுகின்றன. இலை கொஞ்சம் அமுங்குகிறது, ஓரத்தில் தண்ணீர் ஏறுகிறது, முழுகுவதற்குள் அடுத்த கால் வைத்தாகிவிட்டது. இலைக்கோழி என்றார் அப்பா. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே விஷயத்தைக் கால் மணி நேரம் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை.

கூட்டமாக இருக்கும் பறவைகளை எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொடுத்தார். கையை நீட்டிக் கட்டை விரலைக் கூட்டத்தின் ஒரு ஓரத்தில் வைக்க வேண்டும். விரல் மறைக்கிற இடத்தில் எத்தனை இருக்கிறது என்று ஒழுங்காக எண்ணிக்கொள்ள வேண்டும், பத்து என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்தக் கூட்டம் முழுக்க எத்தனை விரல் என்று தள்ளித் தள்ளி அளக்க வேண்டும். முக்குளிப்பானை மட்டும் இப்படி எண்ண முடியாது, எண்ணுவதற்குள் பாதி முங்கிவிடும், அதற்கு மூன்று தடவை எண்ணிப் பெரிய எண்ணை எழுதுவாராம். தூரத்தில் வாத்துக்கூட்டம் ஒன்று. வால் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. ஊசிவால் வாத்து, குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கே இருந்து வருவது. நான் எண்ணி 28 என்றேன். அப்பா பைனாகுலரில் பார்த்துவிட்டு 31 என்றார். எழுதும்போது 28க்கும் 31க்கும் நடுவில் கொஞ்சம் நின்றுவிட்டு, 31 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 'பாப்பா 28' என்று போட்டார்.

வெயில் ஏறும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசியது எங்கள் ஒரு வருஷப் போன் பேச்சைவிடக் கூடுதலாக இருக்கும். மடையைப் பற்றிச் சொன்னார். பழைய பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்று ஒன்று இருக்கும், கரையைத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்குமே, அதுதான். அடியில் கல்தொட்டி, அதற்கு மேலே ஒரு துளை, பக்கவாட்டில் கீழே ஒரு துளை. மேல்துளையைத் திறந்தால் தெளிந்த தண்ணீர் வயலுக்குப் போகும், கீழ்த்துளையில் சேறும் வண்டலும் சேர்ந்து வெளியேறும். தண்ணீரை எடுக்கும்போதே கண்மாயின் வயிற்றையும் சுத்தம் செய்கிற ஏற்பாடு. "ஆயிரம் வருஷத்துக்கு முந்தி யோசிச்சிருக்கான் பாரு" என்று சொல்லும்போது அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முப்பது வருஷத்துக்குமேல் இந்த வேலை பார்த்தவர். எங்களிடம் ஒரு நாளும் இதையெல்லாம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் கண்ணைச் சுற்றுகிறது. மீதி நாளைக்கு.


மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் மீனாட்சி அம்மன் கோயில். 2018 தீ விபத்துக்கு அப்புறம் உள்ளே போன் கொண்டுபோக முடியாது, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கை அடிக்கடி பையைத் தடவியது. முதல் அரை மணி நேரம்தான் அப்படி, அப்புறம் சரியாகிவிட்டது. தரிசனம் முடித்துப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். எதிரே தெற்குக் கோபுரம். வெயில் படியில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது.

படியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. நானும் அப்பாவும் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராது. நேற்று ராத்திரி சாப்பாட்டில்கூட உப்பு போதுமா என்பதோடு நின்றுவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் தானாக வருகிறது. கண்மாயோ குளமோ, ரோட்டில் போகிற மாடோ, எதுவானாலும் சரி. இங்கே படியில் அப்பா தன் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார். அதை அடைக்க ஒன்பது வருஷம் ஆனதாம். அந்த ஒன்பது வருஷமும் நான் அந்த வீட்டில்தான் வளர்ந்துகொண்டிருந்தேன், தீபாவளிக்குத் துணி குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

வெளியே வந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று நடந்தோம். கோயிலைச் சுற்றிச் சுற்றி மாசப் பெயரிலேயே தெரு. மேலமாசி வீதியில் ஒரு கட்டடத்தைக் காட்டி, 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையை விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறியது இங்கேதான் என்றார். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அப்பா சொல்லிக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

பூ. தை மாசப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறிவிடும், அதிலும் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் வேறு. முழத்தின் விலையைக் கேட்டு நான் தயங்கினேன். அப்பா தயங்கவில்லை. பூக்காரம்மா அவரை அடையாளம் தெரிந்து, "எப்பவும் போல ரெண்டு முழமாண்ணே?" என்று கேட்டு அளந்தார். வாழைநாரில் நெருக்கிக் கட்டிய மொட்டு, தடித்த காம்பு, இன்னும் ஒன்றுகூட விரியவில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதெல்லாம் இருக்கட்டும், அந்த வாசனை கையில் பட்டதும் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஒவ்வொன்றாக வாய் திறக்கும், எட்டு மணிக்கு வீடே மணக்கும்.

அம்மாதான் ஊரில் இல்லையே, வாரா வாரம் யாருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை வாங்கிப் பழகிப்போச்சு" என்றார். ஒரு முழம் சாமி படத்துக்கு. இன்னொரு முழம் அலமாரியில் அம்மாவின் சேலைகள்மேல் வைப்பாராம், வாசனை ஏறட்டும் என்று. இன்றைக்கு அதை எனக்குக் கொடுத்தார். வைத்துக்கொண்டேன். பாதியை மட்டும் கிள்ளி, சேலைமேல் வைத்துவிட்டேன்.


நான்காம் நாள், சனி

இன்றைக்கு எங்கும் போகவில்லை. அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, நேற்று நடந்தது அதிகம். காலையில் ஒத்தடம் கொடுத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன், கழுத்துவலி இருந்த இடம் தெரியவில்லை. சாயங்காலம் தெருமுனையில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், அதில் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ. தொண்டையில் சூடாக இறங்கி நெஞ்சில் நிற்கும். கோவையில் எத்தனையோ கிடைக்கிறது, இது மட்டும் இந்த ருசியில் கிடைப்பதில்லை.

அம்மா வீடியோ காலில் வந்தார். பேத்தியைக் காட்டினார். அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னடி, ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றார். அப்பா போன் பக்கம் குனிந்து, "முப்பத்தொன்னு ஊசிவால் வந்திருக்கு" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.


ஐந்தாம் நாள், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

வீக்கம் வடிந்துவிட்டது என்று சொல்லி அப்பா விடியுமுன்னே கிளப்பிவிட்டார். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை பனியில் படுத்துக் கிடந்தது, தும்பிக்கை பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. அங்கிருந்து நரசிங்கம்பட்டி வழியாக அரிட்டாபட்டி.

ஏழு குன்று, நடுவே ஊரும் வயலும். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் இது, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து 193 ஹெக்டேர். இருநூற்றைம்பது வகைப் பறவை பதிவாகியிருக்கிறது. லகர் வல்லூறு, ராஜாளிக் கழுகு எல்லாம் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுகை, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு எல்லாமே நடந்து போகிற தூரத்தில். இந்தப் பக்கம்தான் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. ஊர்ஊராகக் கூட்டம் போட்டு, சட்டமன்றத்தில் தீர்மானம் வந்து, மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்து, கடைசியில் 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்தார்கள். பேரணி வந்த அன்று அப்பாவும் போய் நின்றிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "ஊத்தெல்லாம் போயிருமே தாயி" என்றார், அதற்குமேல் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுபோல. இந்த ஊரில் மலையடி ஊற்று மட்டும் இருநூறு, ஏரி குளம் எழுபதுக்கு மேல். அதைக் காப்பாற்ற நடந்த அந்த ஜனங்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மலை ஏற வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தோம். வறுத்த கடலை கொண்டுபோயிருந்தேன். மேலே ஒரு கழுகு, சிறகு அசைக்காமல் வட்டம் போட்டது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் பார்வை கலுங்கின் மேலேயே இருந்தது. கலுங்கு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் தானாக வழிந்து போவதற்குக் கல்லால் கட்டிய வழி. அதில் தண்ணீர் வழிந்தால் மறுகால் போகிறது என்பார்கள்.

"இதே மாதிரி ஒரு கலுங்கில நாலு நாள் நின்னிருக்கேன்" என்று ஆரம்பித்தார்.

மேலூர் பக்கம் ஒரு கண்மாய், அப்பாவின் பொறுப்பில் இருந்தது. ஐப்பசி அடைமழை. கண்மாய் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருக்கிறது, மழை விடவில்லை. மேலூரில் இருந்த அப்பாவை இரண்டாம் நாள் சாயங்காலம் ஆள் வந்து கூட்டிப்போயிருக்கிறார்கள். கரைக்கு மேலண்டை ஊர்க்காரர்கள் தங்கள் நெல் முங்குகிறது, கலுங்கை உடைத்து விடுங்கள் என்கிறார்கள். கீழண்டை ஊர்க்காரர்கள் உடைத்தால் நாங்கள் வீட்டோடு போய்விடுவோம் என்று கம்போடு நிற்கிறார்கள். நடுவில் அப்பா, ஒரு டார்ச் லைட்டோடு. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

அந்த ஊரில் வயசான நீர்பாய்ச்சி ஒருவர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையின் வெளிச்சரிவில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். மழையில் கரை முழுக்க ஈரம், எது கசிவு எது மழை என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு இடத்தில் நின்று, "இங்கன குளிருது சார்" என்றாராம். மழைத்தண்ணீர் பட்ட மண் ஒரு குளிர்ச்சி, கண்மாயின் அடித்தண்ணீர் ஊறி வந்த மண் இன்னொரு குளிர்ச்சி. அப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்திருக்கிறார். பாதத்துக்குக் கீழே மண் நெகிழ்ந்து, சில்லென்று நூல் பிடித்த மாதிரி தண்ணீர் ஓடியதாம். அந்த இடம் எப்படி இருந்தது என்று கையால் காட்டினார், முப்பது வருஷம் கழித்து, வேறொரு கரையில், தன் காலடி மண்ணைத் தொட்டு.

அப்புறம் சண்டை நின்றுவிட்டது. கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு ஊர் ஆட்களும் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். மணல் மூட்டை, வைக்கோல் பிரி, முள், தென்னங்கீற்று. கசிகிற இடத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கட்டி மேலே பாரம் ஏற்றியிருக்கிறார்கள். விடிய விடிய. அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாள்தான் மழை விட்டது. கரை நின்றுவிட்டது.

"எப்பப்பா இது?" என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன்.

"நீ காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தியே. அப்ப."

எனக்கு ஐந்தாம் வகுப்பில் டைபாய்டு வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனது ஞாபகம் இருக்கிறது, பக்கத்துப் படுக்கைப் பாட்டி ஞாபகம் இருக்கிறது, அப்பா எங்கே அப்பா எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தது ஞாபகம் இருக்கிறது. நாலாம் நாள் வந்தார். முழங்கால்வரை காய்ந்த சேறு, சட்டையெல்லாம் மண், நர்ஸ் அவரை வாசலிலேயே நிறுத்திக் கழுவிவிட்டு வரச் சொன்னார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்க இப்படியா வருவார் என்று அந்தப் பத்து வயதில் நினைத்தேன். அந்த நினைப்பு என்னைவிட்டுப் போகவே இல்லை, உள்ளுக்குள் எங்கேயோ இத்தனை வருஷமாகக் கிடந்திருக்கிறது. அதனால்தான் போனில் பேச்சு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்ததா என்றால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கிடந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. வந்தேன், உன்னையப் பார்த்தேன். கண்ணு முழிச்சுப் பார்த்த. அதோட எல்லாம் மறந்துபோச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, கண்மாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்தே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு நீங்கள் வராதது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். "இருக்கும்ல" என்றார். "எனக்கும் இருந்துச்சு. ரெண்டு எடத்துலயும் நிக்க முடியலையே தாயி."

கழுகு போய்விட்டிருந்தது. நோட்டில் 'ராஜாளி 1' என்று என்னையே எழுதச் சொன்னார். எனக்கு அது ராஜாளிதானா என்று நிச்சயமில்லை, நான் பார்த்தபோது கண்ணில் தண்ணீர். அப்பா ராஜாளி என்றால் ராஜாளி.


ஆறாம் நாள், திங்கள், பஸ்ஸில்

காலையில் ஐந்தரைக்கு இன்னொரு தடவை சாமநத்தம் போய்வந்தோம். இலைக்கோழி இருந்தது. ஊசிவால் வாத்தை எண்ணி நான் 33 என்றேன், அப்பாவும் எண்ணிவிட்டு 33 என்றார்.

ஆரப்பாளையத்தில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் நகரும்வரை வெளியே நின்றார். அம்மா அடுத்த மாசம் வந்துவிடுவார். அம்மா வந்த பிறகும் காலையில் போவீர்களா என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "அவளையும் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். நோட்டில் மிச்சம் எட்டுப் பக்கம்தான் இருந்தது, நேற்றே புதுசாக ஒன்று வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாடிப்பட்டி தாண்டியதும் ரோட்டோரம் ஒரு கண்மாய். தண்ணீருக்கு நடுவில் மரம், மரத்தில் வெள்ளையாக ஏதோ நிறைய. கட்டை விரலை ஜன்னலில் வைத்து எண்ணினேன், நாலு விரல். போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, வாடிப்பட்டி தாண்டி ஒரு கண்மாய் இருக்குல்ல, மரம் பூரா கொக்கு. நாற்பது இருக்கும்."

"கொக்கா, நாரையா? மூக்கு என்ன நெறம்?"

"தெரியலப்பா."

"சரி. மறுகால் போகுதா?"

"பார்க்கலயே. பஸ் வேகமாப் போயிருச்சு."

"அடுத்த தடவை வரும்போது இந்தப் பக்கமே உட்காரு" என்றார். அப்புறம் அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.